ஜவுளிக்கடையில் வேலை, ஏழாம் மாதம்: லீவு முதலாளி கொடுப்பதா?

பாபநாசத்து மாப்பிள்ளை | 02.09.2025

என் மனைவி கும்பகோணத்தில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடுகிறாள். மூன்று வருஷமாகிறது. சம்பளம் 11,500. கடையில் முப்பத்தைந்து பேர் இருப்பார்கள். இப்போது ஏழாம் மாதம், நவம்பர் 20 என்று டாக்டர் தேதி குறித்திருக்கிறார். முதலாளியிடம் கேட்டால், "தீபாவளி வரைக்கும் நின்னுட்டுப் போம்மா, மூணு மாசம் லீவு, ஒரு மாசச் சம்பளம் தர்றேன், திரும்பி வரும்போது இடம் இருந்தா பாக்கலாம்" என்கிறார். கவர்மெண்ட் வேலைக்கு ஒரு வருஷம் தருகிறார்கள். நமக்கு ஒன்றுமே கிடையாதா? கேட்டால் வேலை போய்விடும் என்று அவள் பயப்படுகிறாள்.

அரசலாற்றங்கரை | 02.09.2025, இரவு

கிடையாது என்று யார் சொன்னது தம்பி? 26 வாரம், முழுச் சம்பளம். 1961-ஆம் வருஷத்து மகப்பேறு நலச் சட்டம். 12 வாரமாக இருந்ததை 2017-ல் 26 ஆக்கினார்கள். பத்துப் பேர் வேலை பார்க்கிற கடையே இதற்குள் வந்துவிடும், உங்கள் கடையில் முப்பத்தைந்து. பிரசவத் தேதிக்கு முந்தின 12 மாதத்தில் 80 நாள் வேலை பார்த்திருந்தால் போதும். முதல் இரண்டு பிள்ளைக்கு 26, மூன்றாவதிலிருந்து 12. தேதிக்கு முன்னால் 8 வாரம் வரை எடுக்கலாம், அதாவது இந்த மாதம் 25-ஆம் தேதியே வீட்டில் உட்காரலாம்.

நானும் கும்பகோணத்தில் ஒரு துணிக்கடையில் 22 வருஷம் கணக்கு எழுதினவள்தான். வருகைப் பதிவேடு, லீவு நோட்டு எல்லாம் என் கையில். முதலாளி மடியிலிருந்து எடுத்துக் கொடுக்கிற தர்மம் இல்லை இது.

அரசலாற்றங்கரை | 03.09.2025, விடிகாலை

படுத்த பிறகுதான் உறைத்தது. பெரிய விஷயத்தை விட்டுவிட்டேன். சம்பளத்தில் இ.எஸ்.ஐ., அதாவது தொழிலாளர் காப்பீட்டுச் சந்தா, பிடிக்கிறார்களா? 21,000 வரை சம்பளம் வாங்குகிறவர்கள் அதில் வருவார்கள். பிடித்தால் நேற்று நான் சொன்ன கணக்கே வேறு. அதே 26 வாரம்தான், ஆனால் பணம் முதலாளி கொடுப்பதில்லை, இ.எஸ்.ஐ. கொடுக்கும். அங்கே 80 நாள் கணக்கு இல்லை. முந்தின இரண்டு சந்தா காலத்தில் 70 நாளுக்குப் பணம் கட்டியிருக்க வேண்டும். சந்தா காலம் என்பது ஏப்ரலிலிருந்து செப்டம்பர், அக்டோபரிலிருந்து மார்ச். மூன்று வருஷமாக நிற்கிற பெண்ணுக்கு அது தாராளமாக இருக்கும்.

சம்பளச் சீட்டைப் பாருங்கள்.

அரசலாற்றங்கரை | 03.09.2025, மாலை

மாப்பிள்ளைத் தம்பி தனியாகச் செய்தி போட்டிருக்கிறார். மாதம் 87 ரூபாய் பிடிக்கிறார்களாம். "ஏதோ ஆஸ்பத்திரிப் பணம்னு நினைச்சோம் அக்கா, கோயில் உண்டியல்ல போட்ட மாதிரி விட்டுட்டோம்" என்கிறார்.

அதேதான். 11,500-க்கு முக்கால் சதவீதம் 86 ரூபாய் 25 காசு, மேலே ஏற்றி 87. கடை தன் பங்குக்கு 3.25 சதவீதம், 374 ரூபாய் கட்டுகிறது. இத்தனை மாதம் கட்டியதற்குத்தான் இப்போது பலன். ஐ.பி. நம்பர் என்று இ.எஸ்.ஐ. உறுப்பினர் எண் ஒன்று இருக்கும், வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அதில் பேங்க் கணக்கு சரியாக ஏறியிருக்கிறதா என்றும் பாருங்கள். எங்கள் கடையில் ஒருத்திக்கு இனிஷியல் மாறிப்போய் மூன்று மாதம் அலைந்தாள்.

அந்தப் பணம் வாங்குகிற காலத்தில் வேலையை விட்டு நீக்கக்கூடாது. "இடம் இருந்தா பாக்கலாம்" என்ற பேச்சுக்கே இடமில்லை.

அரசலாற்றங்கரை | 05.09.2025

முதலாளியிடம் இதைச் சொன்னாராம். அவர் கேட்ட முதல் கேள்வி: "அப்ப நம்ம கைக்காசு இல்லியா?"

இல்லை என்றதும் முகமே மாறிவிட்டதாம். காபி வந்ததாம். இத்தனை வருஷம் 374 ரூபாய் கட்டுகிறவருக்கே அது எதற்கென்று தெரியவில்லை. ஆடிட்டர் கட்டச் சொன்னார், கட்டினார். அவரைக் குறை சொல்லிப் பிரயோஜனமில்லை. பக்கத்தில் உட்கார்ந்து சலான் எழுதின என்னைப் போன்றவர்கள் என்ன செய்துகொண்டிருந்தோம் என்றுதான் கேட்க வேண்டும். அதற்கு வருகிறேன், இன்றைக்கு வேண்டாம்.

அரசலாற்றங்கரை | 06.09.2025

நன்னிலத்துக்காரர் ஒருவர் "உங்களுக்கு எவ்வளவு நாள் கொடுத்தார்கள்" என்று கேட்டிருந்தார்.

எனக்கு 1998-ல் பெரியவன். அப்போது சட்டத்தில் 12 வாரம். கிடைத்தது 40 நாள். முதலாளி வீட்டம்மா ஒரு சுங்கடிப் புடவையும், குழந்தைக்கு வெள்ளிக் கொலுசும் கொண்டுவந்து கொடுத்தார்கள். ஊரெல்லாம் அந்தக் கொலுசைச் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தோம். ஆறு வாரச் சம்பளம் போனதை யாரும் சொல்லவில்லை, எங்களுக்கே தெரியாது.

41-ஆம் நாள் கடைக்குப் போனேன். பதினோரு மணி ஆனால் மார்பு கனக்கும். கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்து கூட்டல் போடும்போது ரவிக்கை நனையும். புடவைத் தலைப்பை இழுத்துச் சுற்றிக்கொள்வேன், பேரேட்டை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொள்வேன். ஒருநாள் ஒரு சொட்டு பேரேட்டில் விழுந்து மை கலைந்தது. "வேர்வையா" என்று மேனேஜர் கேட்டார். ஆமாம் என்றேன். மதியச் சாப்பாட்டுக்கு விடுகிற முக்கால் மணி நேரத்தில் வீட்டுக்கு ஓடிப் பால் கொடுத்துவிட்டு, சாப்பிடாமல் திரும்பி வருவேன்.

பிள்ளைக்குப் 15 மாதம் ஆகும் வரை பால் கொடுக்க நாளைக்கு இரண்டு தடவை விட வேண்டும் என்று அந்த 1961 சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. நான் அதைப் படித்தபோது பெரியவன் கல்லூரியில் இருந்தான்.

அரசலாற்றங்கரை | 08.09.2025

வருகிறேன் என்று சொன்ன விஷயம்.

2009. புடவைப் பிரிவில் ஒரு பெண், இருபத்திரண்டு வயது இருக்கும். நாலாம் மாதம் கரு கலைந்துவிட்டது. அரசு ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் இருந்தாள். பத்து நாள் கழித்து வந்துவிட்டாள், முகம் வெளிறி. வீட்டில் உட்கார்ந்தால் சோறு ஏது?

அந்தப் பத்து நாளுக்கும் வருகைப் பதிவேட்டில் சிவப்பு மையில் "ஏ" போட்டது நான். மாதக் கடைசியில் "சம்பளமில்லா விடுப்பு 10 நாள்" என்று எழுதி, 2,400 சம்பளத்தில் 800 பிடித்து, மீதியை உறையில் போட்டுக் கொடுத்ததும் நான். அவள் எண்ணிப் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. எனக்கு அப்போது மனசு உறுத்தவும் இல்லை. வராத நாளுக்குச் சம்பளம் இல்லை, கணக்கு சரி.

2017-ல் 26 வாரம் வந்தபோது பேப்பரில் போட்டிருந்ததைப் பார்த்து, சின்னவனை விட்டு முழுச் சட்டத்தையும் எடுத்துத் தரச் சொல்லிப் படித்தேன். கரு கலைந்தால் 6 வாரம், சம்பளத்தோடு. டாக்டர் சர்டிபிகேட் போதும். புதிதாகச் சேர்த்ததில்லை, முதலிலிருந்தே இருக்கிறது. அப்போது எங்கள் கடையில் இ.எஸ்.ஐ. கிடையாது, ஆகவே கடைதான் கொடுத்திருக்க வேண்டும். 42 நாள், ஒரு நாளைக்கு 80 ரூபாய் வீதம் 3,360. கொடுக்க வேண்டியது அது. நாங்கள் அவளிடமிருந்து 800 பிடித்தோம்.

தெரிந்திருந்தால் முதலாளியிடம் சொல்லியிருப்பேனா? சொல்லியிருப்பேன் என்றுதான் எழுத வந்தேன். எழுதும்போது கை நிற்கிறது.

அரசலாற்றங்கரை | 09.09.2025

மேலே எழுதியதற்கு வந்த ஆறுதலுக்கெல்லாம் நன்றி, அது வேண்டாம். விஷயத்துக்கு வருவோம். கடிதம் எப்படி எழுதுவது என்று தம்பி கேட்கிறார்.

நாமெல்லாம் பள்ளிக்கூடத்தில் எழுதின கடிதத்தையே சாகும் வரை எழுதுகிறோம். "எனக்குக் காய்ச்சலாக இருப்பதால், தாங்கள் கருணை கூர்ந்து, தாழ்மையுடன்..." நான் பார்த்த லீவுச் சீட்டில் பாதிக்கு மேல் "பணிந்து கேட்டுக்கொள்கிறேன்" என்றுதான் முடியும். கேட்டால் இல்லை என்று சொல்லலாம் அல்லவா? ஆகவே கேட்காதீர்கள். "இன்ன தேதியிலிருந்து மகப்பேறு விடுப்பு எடுக்கிறேன் என்று தெரிவிக்கிறேன்" என்று எழுதுங்கள். டாக்டர் குறித்த தேதியைப் போடுங்கள். இரண்டு பிரதி, ஒன்றில் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

அரசலாற்றங்கரை | 10.09.2025

"அக்கா, தெரிவிக்கிறேன்னு எழுதினா அண்ணாச்சிக்கு மூக்குல கோவம் வரும், திரும்பி வந்து அதே கடையில்தானே நிக்கணும்" என்கிறார்கள். அதுவும் சரிதான். நேற்று கொஞ்சம் வீறாப்பாக எழுதிவிட்டேன். பணிவுக்கு ஒரு வரி போட்டால் ஒன்றும் குறைந்துவிடாது. தேதியையும் கையெழுத்தையும் மட்டும் விட்டுவிடாதீர்கள்.

உட்கார்ந்து பில் போட நாற்காலி கேளுங்கள், அது சலுகை இல்லை. கடைகளில் வேலை பார்ப்பவர்களுக்கு உட்கார இடம் வேண்டும் என்று 2021-லேயே தமிழ்நாட்டில் சட்டத்தைத் திருத்திவிட்டார்கள்.

அரசலாற்றங்கரை | 14.09.2025

அரசு ஊழியர்களைப் பற்றி இங்கே ஒரே வயிற்றெரிச்சல். எங்கள் வீட்டிலேயே நடக்கிற சண்டைதான். என் நாத்தனார் திருவிடைமருதூர் பக்கம் அரசுப் பள்ளி ஆசிரியை. 2003-ல் அவளுக்கு 90 நாள். 2011-ல் ஆறு மாதம் ஆனது, 2016-ல் ஒன்பது, 2021 ஜூலையிலிருந்து ஒரு வருஷம். அவள் மகளும் வேலையில் சேர்ந்து, போன வருஷம் 365 நாளும் எடுத்தாள். "எனக்கு மூணு மாசம்தானேடி" என்று அம்மாக்காரியே மகளைப் பார்த்துப் பொறாமைப்பட்டதை நான் பார்த்தேன். முன்பெல்லாம் தகுதிகாண் பருவத்தில் எடுத்தால் அந்தப் பருவம் நீண்டுபோகும். இந்த ஏப்ரல் அறிவிப்பில் அதையும் சேர்த்து எண்ணிக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டார்கள். நாத்தனாருக்கு அதைவிடப் பெரிய சந்தோஷம், 2020-ல் நிறுத்தின 15 நாள் ஈட்டிய விடுப்புச் சரண், அதாவது எடுக்காத லீவைக் கொடுத்துப் பணமாக்குவது, வருகிற அக்டோபர் 1 முதல் திரும்பக் கிடைப்பது.

அங்கேயும் சிக்கல் இல்லாமல் இல்லை. தர்மபுரி ஆசிரியை ஒருவர். முதல் திருமணத்தில் இரண்டு பிள்ளை, மறுமணத்தில் ஒன்று. இரண்டுக்கு மேல் கிடையாது என்று மறுத்துவிட்டார்கள். உச்ச நீதிமன்றம் வரை போய், இந்த மே மாதம்தான் கொடுக்கச் சொல்லித் தீர்ப்பு வந்தது. ஒரு பிள்ளைக்கான லீவுக்கு டெல்லி வரை.

அப்பாவுக்கு உண்டா என்று கேட்டவருக்கு: மத்திய அரசு வேலையென்றால் 15 நாள். துணிக்கடை அப்பாவுக்குச் சட்டத்தில் ஒன்றுமில்லை, தற்செயல் விடுப்பில்தான் போக வேண்டும்.

அரசலாற்றங்கரை | 15.09.2025

"தற்செயல் விடுப்பா, கடைக்கா?" என்று நாலு பேர் சிரித்துவிட்டுப் போயிருக்கிறீர்கள்.

தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947. ஒரு வருஷம் தொடர்ந்து நின்றால் அடுத்த வருஷத்தில் 12 நாள் சம்பளத்தோடு விடுமுறை. உடம்பு சரியில்லை என்றால் வருஷத்துக்கு 12 நாள். நியாயமான எந்தக் காரணத்துக்கும் 12 நாள். மொத்தம் 36. சுதந்திரம் வந்த வருஷத்துச் சட்டம். 22 வருஷத்தில் எங்கள் கடையில் ஒருவரும் இதைக் கேட்டதில்லை. நானும் வாய் திறந்து சொன்னதில்லை, நானே எடுத்ததும் இல்லை.

சாவுக்கென்று தனி லீவு இதில் கிடையாது. பால் தெளிப்பு, கருமாதி, பதினாறு நாள் தீட்டு, எல்லாவற்றையும் அந்தப் பன்னிரண்டுக்குள்தான் அடக்க வேண்டும். என் மாமனார் ஐப்பசி மழையில் போனார், தீபாவளிக்கு நாலு நாள் முன்னால். அன்றைக்கு எடுத்து, மறுநாள் பால் தெளித்து, மூன்றாம் நாள் கல்லாவில் உட்கார்ந்திருந்தேன். வாங்க வந்தவர்கள் என் ஈரத்தலையைப் பார்த்துவிட்டு வேறு கவுண்டருக்குப் போனார்கள்.

அரசலாற்றங்கரை | 21.09.2025

கனமாகப் போகிறது, ஒரு வேடிக்கை. எங்கள் கடையில் ஒரு பையன் ஒன்றரை வருஷத்தில் நாலு பாட்டியைச் சாகடித்தான். மூன்றாவது வரை பொறுத்தேன். நாலாவது சீட்டில் "இதோடு போதும்" என்று ஓரத்தில் பென்சிலால் எழுதி மேனேஜருக்கு அனுப்பினேன். கடையே சிரித்தது.

அரசலாற்றங்கரை | 22.09.2025

மேலே சொன்னதை முழுசாகச் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் அந்தப் பையனுக்குப் பாவம். பிறகொரு நாள் வலங்கைமான் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது அவன் வீட்டைக் கடந்தோம். திண்ணைக்கு மேலே மாலை போட்ட படம் நாலு. தாத்தாவுக்கு இரண்டு தாரம், அம்மா வழியில் ஒன்று, அம்மாவின் சின்னம்மா ஒன்று. நாலும் பாட்டிதான். அவன் அம்மா எனக்கு மோர் கொடுத்தாள். நான் அந்தப் பென்சில் எழுத்தைப் பற்றி மூச்சு விடவில்லை.

அரசலாற்றங்கரை | 09.10.2025

மாப்பிள்ளைத் தம்பியின் மனைவி நேற்றோடு வேலையை முடித்து லீவில் போய்விட்டாள். இன்றிலிருந்து கணக்கு. தேதிக்குச் சரியாக ஆறு வாரம் முன்னால். ஏப்ரல் 8 வரை வரும். நாற்காலியும் கிடைத்ததாம், ஆனால் கை வைத்த நாற்காலி, உட்கார்ந்தால் கல்லாவுக்கு முழங்கை எட்டவில்லை என்று கடைசிவரை நின்றுகொண்டேதான் போட்டாளாம். தீபாவளிக் கூட்டத்துக்கு முதலாளி மருமகளே பில்லுக்கு உட்காரப் போகிறாராம்.

அரசலாற்றங்கரை | 16.11.2025

"கடைமுகத்துக்கு உள்ளூர் விடுமுறை விடுவார்களே, மயிலாடுதுறைக் கடைகளும் மூட வேண்டுமா?" இன்று கேட்டிருக்கிறார் ஒருவர். கடைமுகம் என்பது ஐப்பசிக் கடைசி நாளில் மயிலாடுதுறைத் துலாக்கட்டத்தில் காவிரி முழுக்கு. இந்தத் தடவை ஞாயிற்றுக்கிழமையிலேயே வந்துவிட்டது, கேள்விக்கு வேலையில்லை. பொதுவாகச் சொன்னால், தஞ்சாவூருக்குச் சதய விழா, திருவாரூருக்கு ஆழித்தேர், நாகைக்கு நாகூர் கந்தூரி, எதுவானாலும் கலெக்டர் அறிவிப்பது அரசு அலுவலகத்துக்கும் பள்ளிக்கூடத்துக்கும்தான். பதிலுக்கு ஒரு சனிக்கிழமை வேலைநாள் ஆகும். பேங்குக்குக் கிடையாது, அறிவிப்பிலேயே, பேங்க் விடுமுறைக்கான செலாவணி முறிச் சட்டத்தில் வராது என்று ஒரு வரி இருக்கும்.

கடைக்கு 1958-ஆம் வருஷத்துத் தேசிய, பண்டிகை விடுமுறைச் சட்டம். குடியரசு தினம், மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜெயந்தி, கூட ஐந்து பண்டிகை நாள், ஆக 9. அன்றைக்கு வேலை வாங்கினால் இரட்டைச் சம்பளம், அல்லது அன்றைய சம்பளத்தோடு வேறொரு நாள் லீவு.

கடைமுகம் தவறினவர்களுக்கு மறுநாள் முடவன் முழுக்கு. துணிக்கடைக்காரர்கள் நாங்கள் வருஷா வருஷம் அந்த முடவனோடுதான் துலாக்கட்டத்தில் நின்றோம்.

அரசலாற்றங்கரை | 26.11.2025

இரண்டு சேதி.

ஒன்று: 21-ஆம் தேதி நாலு தொழிலாளர் தொகுப்புச் சட்டங்களும் நடைமுறைக்கு வந்துவிட்டன. நான் முதல் நாள் எழுதின 1961 சட்டம் இப்போது சமூகப் பாதுகாப்புத் தொகுப்புக்குள் போய்விட்டது. 26 வாரம், 80 நாள் எல்லாம் அப்படியே இருக்கிறது. ரைஸ் மில்லில் வேலை பார்க்கிற அண்ணன் வருஷ லீவைப் பற்றிக் கேட்டதற்கும் இதில் பதில் உண்டு. ஆலைகளில் 20 நாள் வேலைக்கு ஒரு நாள் லீவு சேர, வருஷத்தில் 240 நாள் போயிருக்க வேண்டும் என்று இருந்தது. இனி 180 போதும். கடைகளுக்கான 36 நாள் மாநிலச் சட்டம், அது அது பாட்டுக்கு இருக்கும்.

இரண்டு: பெண் குழந்தை. இரண்டு கிலோ தொள்ளாயிரம். இருவரும் அம்மாப்பேட்டையில் அம்மா வீட்டில் சௌக்கியம்.

நடவு ஆளுக்கு யார் லீவு கொடுப்பார் என்று ஒரு அம்மா கேட்டது பதிலில்லாமல் கிடக்கிறது. லீவு இல்லை. வறுமைக் கோட்டுக்குக் கீழே இருந்தால் முத்துலட்சுமி ரெட்டி உதவித்தொகை 18,000, ரொக்கமும் ஊட்டச்சத்துப் பெட்டியுமாக. கிராம நர்சம்மாவிடம் சீக்கிரமே பதிந்து பிக்மி நம்பர் வாங்கச் சொல்லுங்கள்.

பாபநாசத்து மாப்பிள்ளை | 19.12.2025

அக்கா, முதல் பணம் கணக்கில் ஏறிவிட்டது. மெசேஜை அவளிடம் காட்டினேன். "87 ரூபாய் ஒழுங்கா பிடிக்கிறாங்களான்னு இனிமே மாசாமாசம் பாக்கணும்" என்கிறாள்.

அரசலாற்றங்கரை | 18.01.2026

நேற்று காணும் பொங்கல். மகாமகக் குளத்துப் பக்கம் கரும்பு விற்கிற இடத்தில் ஒருத்தி "அக்கா" என்று கையைப் பிடித்தாள். அந்தப் புடவைப் பிரிவுப் பெண். இப்போது சொந்தமாகத் தையல் கடை, இரண்டு பையன்கள், பெரியவன் என் தோள் உயரம்.

சொல்லாமல் போகக்கூடாது என்று சொல்லிவிட்டேன். ஆறு வாரம் உனக்கு வர வேண்டியது, நான் பத்து நாள் பிடித்தேன், 800 ரூபாய் என்று. பையன்கள் கரும்பைக் கடித்துக்கொண்டு நின்றார்கள். அவள் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தாள்.

"பத்து இல்லக்கா, பதினொண்ணு. நடுவுல வார லீவு ஒண்ணு வந்துச்சு, அதையும் சேத்துப் பிடிச்சீங்க."

வார விடுமுறைக்குச் சம்பளம் பிடிக்கக்கூடாது. 1947 சட்டத்தில் அதுவும் இருக்கிறது.

செப்டம்பர் 8-ஆம் தேதிக் குறிப்பில் 10 நாள், 800 ரூபாய் என்று எழுதியிருக்கிறேன். 11 நாள், 880 ரூபாய். திருத்திப் படிக்கவும்.